உப்புத் தண்ணி, நல்ல தண்ணி, நடுவில் ஒரு டப்பா

பல்லடம் பக்கம் இருக்கும் எங்கள் சித்தி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையன் வந்தான். கழுத்தில் அட்டை, தோளில் கனமான பை. "ஏனுங்க அக்கா, உங்க வீட்டுத் தண்ணிய இலவசமா டெஸ்ட் பண்ணிக் காட்டறேனுங்க" என்றான். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்தான். தான் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து இன்னொரு டம்ளரில் ஊற்றினான். கீழே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை இரண்டு டம்ளருக்கும் மேலே வைத்து பிளக்கைச் சொருகினான். ஒரு நிமிஷம்தான். குழாய்த் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி பழுப்பாகி, பச்சையும் கறுப்புமாகத் திரிதிரியாக மிதந்தது. பாட்டில் தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே நின்றது.

"இதைத்தானுங்க அக்கா இத்தனை நாளாக் குடிச்சிட்டு இருந்தீங்க."

அன்றிரவு சித்தி எனக்குப் போன் செய்தார். "சாமி, தண்ணி சுத்தம் பண்ற டப்பா பதினெட்டாயிரமாமா. ஆர்ஓ, யுவி, யுஎஃப், டிடிஎஸ்னு என்னென்னமோ சொல்றான். எனக்கு ஒரு எழவும் புரியல. வாங்கிப்போடட்டுமா?"

நான் தண்ணீர் நிபுணன் கிடையாது. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் வீடு கட்டியபோது இதே குழியில் விழுந்து எழுந்தவன். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் அதிக விலை ஆர்ஓ ஒன்றை மாட்டிவிட்டு, மூன்று வருஷம் மெம்பரேனுக்கும் சர்வீஸுக்கும் அழுதேன். அந்தக் கடுப்பில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சித்திக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பையன் தண்ணீர் பிடித்த குழாய் போர் தண்ணீர்க் குழாய். அதில் சித்தி பாத்திரம்தான் கழுவுகிறார். குடிப்பது சம்ப்பில் பிடித்து வைத்திருக்கும் பில்லூர்த் தண்ணீரை.

கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. நல்ல தண்ணி என்று ஒன்று, உப்புத் தண்ணி என்று ஒன்று. புது வீட்டுக்குக் குடிபோகிறவர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்றுதான் கேட்பார். நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலும் மலையிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர்: சிறுவாணி, பில்லூர், அத்திக்கடவு, காவிரி. உப்புத் தண்ணீர் என்றால் போர். நமக்கு மேற்கே மலை நின்று தென்மேற்கு மழையின் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. கீழே கடும்பாறை. பெய்கிற கொஞ்ச மழையும் பாறை இடுக்கில் இறங்கி, வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து, பாறையில் இருக்கும் சுண்ணாம்பையும் மற்ற உப்புகளையும் கரைத்துக்கொள்கிறது. ஆயிரம் அடிக்குப் போர் போட்டு அதை மேலே இழுக்கிறோம். அது உப்பாக இல்லாமல் எப்படி இருக்கும்?

இந்த நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்கிற பிரிப்பைத்தான் ஒரு எண்ணாகச் சொல்கிறது டிடிஎஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு என்று அர்த்தம். கரைந்திருப்பது என்பதை அழுத்திப் படியுங்கள். மிதக்கும் தூசியும் மண்ணும் இதில் சேராது. கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போனவைதான் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்கினால் பாத்திரத்தில் வெள்ளையாக மிஞ்சுகிறதே, ஏறக்குறைய அதன் எடைதான் டிடிஎஸ். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். பிபிஎம் என்றும் சொல்வார்கள். இரண்டும் நடைமுறையில் ஒன்றுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை பத்து லட்சம் மில்லிகிராம், பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. அவ்வளவுதான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் தரம் ஐஎஸ் 10500. 2012-ல் திருத்தி வெளியிட்டது. அதன்படி டிடிஎஸ் 500 வரை இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். சித்தி வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பில்லூர்த் தண்ணீர் 140, போர் தண்ணீர் 1850. கோவையில் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுச் சிறுவாணித் தண்ணீரிலும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். எண் மூன்று இலக்கத்தைத் தொடவே இல்லை. கோவைக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வதற்கு அதுதான் காரணம்.

டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது எந்தப் பொருளையும் எடைபோடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. கரைந்த உப்பு கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும், எண்ணும் ஏறும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 5 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பைக் கரையுங்கள். ஒரு டீஸ்பூன் சுமாராக 5 கிராம், அதாவது லிட்டருக்கு ஒரு கிராம். மீட்டர் ஆயிரத்தை ஒட்டித் தாவும். இன்னொரு 5 லிட்டரில் ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையைக் கரையுங்கள். மீட்டர் அசையவே அசையாது. சர்க்கரை கரைந்துதான் இருக்கிறது, நாக்குக்குத் தெரிகிறது, மீட்டருக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது.

அதே மாதிரிதான் பூச்சிமருந்தும். அதே மாதிரிதான் கிருமியும். சாக்கடை லேசாகக் கலந்த ஆற்றுத் தண்ணீர் மீட்டரில் 150 என்று காட்டலாம், அதைக் குடித்துவிட்டு வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கலாம். 900 காட்டும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம். எண் குறைந்தால் சுத்தம், கூடினால் அசுத்தம் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. டிடிஎஸ் மீட்டர் சொல்வது உப்பைப் பற்றி மட்டும்தான். கிருமி என்பது முற்றிலும் வேறு வழக்கு. இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மீதிச் சொற்களெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அந்தக் கம்பி வித்தைக்கும் இதுதான் விளக்கம். பெட்டியில் இருக்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது அந்த இரும்புதான் கரைந்து துருவாகிறது. டம்ளரில் மிதந்த பழுப்புக் குப்பை தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல, கம்பியிலிருந்து வந்தது. அவன் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை.

டிடிஎஸ்ஸோடு ஒட்டிப் பிறந்த சொல் கடினத்தன்மை. ஹார்டு வாட்டர் என்கிறார்களே, அது. டிடிஎஸ் எல்லா உப்புக்கும் மொத்தக் கணக்கு. கடினத்தன்மை என்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். ஐஎஸ் 10500 இதற்கு 200 என்றும், வேறு வழி இல்லையென்றால் 600 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் தேவையில்லை, சமையலறையே சொல்லிவிடும். அரிசிம்பருப்பு சாதம் வைத்தால் அரிசி குழைந்துவிடும், பருப்பு மட்டும் கல் மாதிரி நிற்கும். பருப்பின் தோலையும் உடம்பையும் பிடித்து நிறுத்தியிருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால் அப்படி. சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி சணல் மாதிரி ஆகும், பாத்ரூம் குழாயில் வெள்ளைப் பூச்சு, கீசருக்குள் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டி. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரு புராணமே பாடுவார்கள்.

கடினத்தன்மையில் ஒரு பங்கு கொதிக்க வைத்தால் போய்விடும். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம் சூட்டில் சுண்ணாம்பாக மாறிப் பாத்திரத்தின் அடியில் படியும். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பார்கள். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது எவ்வளவு கொதித்தாலும் போகாது, அது நிரந்தரக் கடினத்தன்மை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் படிந்த வெள்ளையை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி ஊறவைத்தால் எடுத்துவிடலாம்.

சாஃப்ட்னர் என்று வீட்டு வாசலில் ஆளுயரச் சிலிண்டர் ஒன்றை வைக்கிறார்களே, அது இந்தக் கடினத்தன்மைக்கு மட்டும்தான். உள்ளே ரெசின் என்கிற சிறுசிறு மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவினால் மறுபடி தயாராகிவிடும். மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடுவது இதற்குத்தான். சாஃப்ட்னர் போட்ட பிறகு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "டிடிஎஸ் குறையவே இல்லை, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். குறையாது. ஒரு உப்பைக் கொடுத்து இன்னொரு உப்பை வாங்குகிற பண்டமாற்று அது. குளிக்க, துவைக்க, கீசருக்கு அருமையான சாதனம். சோடியம் கூடிவிடுவதால் குடிக்க, அதுவும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் குடிக்க, ஏற்றதல்ல.

இனி டப்பாவைத் திறப்போம். சுவரில் மாட்டும் எந்தச் சுத்திகரிப்பானின் மூடியைக் கழற்றினாலும் வரிசையாகக் குழல்கள் இருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு வேலை, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

வெளியே தனியாகத் தொங்கும் ஒளிபுகும் கிண்ணத்துக்குள் வெள்ளையாக நூல் சுற்றின மாதிரி இருப்பது செடிமென்ட் ஃபில்டர். ஸ்பன் என்றும் சொல்வார்கள். மண்ணையும் துருவையும் பிடிக்கும். அதன்மேல் 5 மைக்ரான் என்று போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான், வைரஸ் அதிலும் மிகச் சிறியது. அப்படியானால் 5 மைக்ரான் வலையில் பாக்டீரியா சிக்குமா? கோழி வலைக்குள் கொசு நுழைகிற கதைதான். இந்த ஃபில்டர் மலிவானது, சீக்கிரம் பழுப்பாகும், பழுப்பானால் நீங்களே மாற்றலாம். இதற்கு ஆள் கூப்பிட்டு விசிட் சார்ஜ் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது கார்பன், அதாவது கரி. இது நம்ம ஊர்ப் பொருள் என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம். காங்கேயத்திலும் பொள்ளாச்சியிலும் தேங்காய் உடைத்துக் களத்தில் பருப்புக் காயவைக்கும்போது மலைபோலக் கொட்டாங்குச்சி மிஞ்சுகிறது. அதைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு ஆயிரம் டிகிரியை நெருங்கும் சூட்டில் நீராவி பாய்ச்சுவார்கள். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழும். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் நல்ல கரியின் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நம் கணக்கில் இருபத்தைந்து சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்! அந்தப் பரப்பில் குளோரினும், வாடையும், நிறமும், சில பூச்சிமருந்துகளும் போய் ஒட்டிக்கொள்கின்றன. உப்பு ஒட்டாது. ஆகவே கார்பன் ஃபில்டர் மட்டும் இருந்தால் சுவை மாறும், டிடிஎஸ் மாறாது. எல்லா இடமும் நிறைந்த பிறகு கரியால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய கரியில் கிருமிகள் குடியேறி வளரவும் செய்யும். ஆகவே மாற்றச் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

குளோரின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று தண்ணீரில் வாடை அடிப்பதாக எல்லோரும் திட்டுவோம். அந்த வாடைதான் காவல். குழாய் முனைக்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. வரும் வழியில் குழாய் உடைந்து எதுவும் கலந்தாலும் அந்த மிச்சம் பார்த்துக்கொள்ளும். கரி அந்தக் காவலையும் எடுத்துவிடுகிறது. வடிகட்டிய தண்ணீரை நாலைந்து நாள் டப்பாவிலேயே வைத்துக் குடிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

கிருமி வழக்குக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். யுவி என்பது புற ஊதா விளக்கு. ஒரு குழலுக்குள் எரியும் அந்த விளக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்துவிடும், கிருமி பெருக முடியாது. வைரஸுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கல் இருந்தால் கிருமி அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். மின்சாரமும் வேண்டும். இன்னொரு சூட்சுமம்: விளக்கு நீல நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால் அதிலிருந்து வரும் புற ஊதா வலுவிழந்திருக்கும். கண்ணுக்கு எரிகிறது என்பதற்காக நம்பக் கூடாது.

யுஎஃப் என்பது மிக நுண்ணிய துளையுள்ள குழாய்க் கற்றை, சேமியாவைக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். துளை ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்று முதல் நூறில் ஒன்று வரை. பாக்டீரியா இதில் தாண்டாது. மின்சாரம் வேண்டாம், மேல் தொட்டித் தண்ணீரின் அழுத்தமே போதும். துளையின் அளவைப் பொறுத்து வைரஸ்கள் தப்பலாம். யுவி, யுஎஃப் இரண்டும் உப்பைத் தொடாது. நம் பாட்டிகளின் வழியான கொதிக்க வைப்பதும் கிருமிக்குத்தான். ஒரு நிமிஷம் தளதளவென்று கொதித்தால் போதும், நோய்க்கிருமி செத்துவிடும், உப்பு அப்படியே இருக்கும்.

இப்போது பெரிய ஆள், ஆர்ஓ. தலைகீழ் சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் படித்து எல்லோரும் மறந்த சங்கதி. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி மூடி வைக்கிறோம். மறுநாள் திறந்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, மாங்காய் சுருங்கியிருக்கிறது. நாம் தண்ணீரே ஊற்றவில்லை. மாங்காயின் செல் சவ்வுக்கு உள்ளே உப்புக் குறைவு, வெளியே அதிகம். தண்ணீர் தானாக உப்பு அதிகமுள்ள பக்கம் நகர்ந்துவிட்டது. இதுதான் சவ்வூடு பரவல். இதைத் தலைகீழாக்க, உப்புத் தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து பலமாக அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்போது தண்ணீர் சவ்வைத் தாண்டி இந்தப் பக்கம் வரும், உப்பு அந்தப் பக்கமே தங்கிவிடும். 1959 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் இதற்கு உதவும் சவ்வைச் செய்துகாட்டியதில் இருந்துதான் இது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சவ்வுதான் மெம்பரேன். அழுத்தம் கொடுப்பது பூஸ்டர் பம்ப், சுத்திகரிப்பான் ஓடும்போது கர்ரென்று சத்தம் போடுவது அதுதான். மெம்பரேன் மேல் 75 ஜிபிடி என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 75 கேலன், அதாவது சுமார் 284 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவுக்கு வடிக்கும் என்று அர்த்தம். குளோரின் பட்டால் மெம்பரேன் கெட்டுவிடும். அதனால்தான் கரி எப்போதும் அதற்கு முன்னால் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் மெம்பரேன் உப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிறுத்திவிடும். உள்ளே 1200 போனால் வெளியே 100-க்கு அக்கம்பக்கம் வர வேண்டும். அது 300, 400 என்று ஏற ஆரம்பித்தால் மெம்பரேன் போய்க்கொண்டிருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் உண்மையில் உபயோகப்படுவது இந்த இடத்தில்தான்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஆர்ஓ புதுசு கிடையாது. சாயத் தண்ணீரால் நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த்தேக்கமாகிப்போன கதை ஊரறிந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் அவை திரும்ப ஓடின. அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிரதான வேலை செய்வது இதே ஆர்ஓ மெம்பரேன்தான், என்ன, சுவரில் மாட்டாமல் கொட்டகை முழுக்க அடுக்கியிருக்கும்.

அங்கேயும் இங்கேயும் ஒரே தலைவலி, ரிஜெக்ட் தண்ணீர். வேஸ்ட் தண்ணி என்று நாம் சொல்வது. நிறுத்தின உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போக ஒரு பங்கு தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். பல வீட்டுச் சாதனங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே தள்ளுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1200 டிடிஎஸ் தண்ணீர் 4 லிட்டர் உள்ளே போகிறது, 80 டிடிஎஸ்ஸில் ஒரு லிட்டர் கிடைக்கிறது, மீதி 3 லிட்டரில் டிடிஎஸ் சுமார் 1570. இதை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற வைத்துக்கொள்ளலாம். பூச்செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறிச் செடி கருகும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை நான் அப்படித்தான் கொன்றேன்.

டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓ சாதனத்தைத் தடைசெய்ய விதி கொண்டுவரும்படி 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் சொன்னது இந்த வீணடிப்பை நினைத்துத்தான். மாதத்தில் பாதி நாள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில், கிடைத்த பில்லூர்த் தண்ணீரில் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு விட்டால் அதைவிடப் பாவம் வேறு என்ன?

விற்பனைத் தாளில் இதற்குமேல் வரும் சொற்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பது ஒரு சின்னத் திருகு. மூலத் தண்ணீரில் கொஞ்சத்தை மெம்பரேனுக்குள் விடாமல் நேராக வடித்த தண்ணீரோடு கலந்துவிடும். சப்பென்றிருக்கும் ஆர்ஓ தண்ணீருக்குச் சுவை வரும், ஆனால் மூலத் தண்ணீரில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். மினரல் கேட்ரிட்ஜ் என்பது சில தாதுக் கற்கள். குறைந்த டிடிஎஸ்தான் சுத்தம் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, தாது இல்லாவிட்டால் எலும்பு தேயும் என்று மூன்றாம் பக்கத்தில் பயமுறுத்தி இதை விற்பார்கள். நமக்குத் தாதுவில் பெரும்பங்கு ராகியிலும் கீரையிலும் பாலிலும் வருகிறது. ஆல்கலைன் என்பது தண்ணீரின் பிஹெச்சை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, கூட்டுவது. 6.5 முதல் 8.5 வரை எதுவும் குடிநீருக்குச் சரி. வயிற்றில் இருக்கும் அமிலத்தின் முன் அந்தக் கேட்ரிட்ஜ் எம்மாத்திரம்? அதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கொடுக்க எனக்கு மனசு வராது. ஏஎம்சி என்பது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். மெம்பரேனும் யுவி விளக்கும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அடங்காது.

சரி, எதை வாங்குவது? அதற்கு முதலில் தண்ணீர்ப் பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். கிருமிப் பரிசோதனைக்குச் சுத்தப்படுத்திய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுக்க வேண்டும். அறிக்கையில் பார்க்க வேண்டியவை: டிடிஎஸ், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, இ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா). நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, இதில் தளர்வே கிடையாது. உரமும் செப்டிக் டேங்க்கும் கிணற்றுப் பக்கம் இருந்தால் இது ஏறும், கைக்குழந்தைக்கு ஆகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஃபுளோரைடு 1 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. சேலம், தர்மபுரிப் பக்கம் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுதான் காரணம். இ.கோலை 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குடிப்பதற்கு போர் தண்ணீர் மட்டும்தான், டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல், அல்லது நைட்ரேட், ஃபுளோரைடு கூடுதல் என்றால் ஆர்ஓ தவிர வீட்டில் வேறு சுலப வழி இல்லை. ஆற்றுத் தண்ணீர்தான், உப்புப் பிரச்சினை இல்லை என்றால் கரியும் யுவியும், அல்லது யுஎஃப்பும் போதும். விலையும் பாதிதான் வரும். வாரத்தில் நாலு நாள் அது, மூன்று நாள் இது என்று கலந்து வரும் வீடுகளுக்குத்தான் சங்கடம். அவர்கள் குடிக்கும் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சித்தி பரிசோதனைக்குக் கொடுத்தார். பில்லூர்த் தண்ணீரில் உப்பெல்லாம் வரம்புக்குள். ஆனால் சம்ப்பில் இருந்து எடுத்த பாட்டிலில் இ.கோலை இருந்தது. சம்ப் மூடிக்கு ஓரத்தில் விரிசல், பக்கத்திலேயே மாட்டுக் கட்டுத்தரை. சித்தப்பா ஆள் வைத்துச் சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புது மூடி மாற்றினார். அப்புறம் கரி, யுஎஃப், யுவி மூன்றும் உள்ள சாதாரண டப்பா ஒன்றைச் சமையலறையில் மாட்டினார்கள். உப்புத் தண்ணீர் பாத்திரம் கழுவவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் அதே பையன் மறுபடி வந்தானாம். சித்தி உட்காரச் சொல்லி, அவன் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, "இப்ப அந்தக் கம்பிய இதுல வைங்க தம்பி" என்றிருக்கிறார். வைத்தான். பழுப்பாகித் திரிதிரியாக மிதந்தது. பையன் டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எங்களுக்கே யாரும் சொல்லித் தரலைங்க அக்கா" என்றானாம். சித்தி அவனுக்கு டீ போட உள்ளே போனார்.